அரணை

ஒரு மொழியில் வசைச் சொற்கள் எத்தனை என்பதைவிட, வசையின் உருவத்தில் வந்து வசை செய்யாமல் போகிற சொற்கள் எத்தனை என்பதுதான் எனக்கு ஸ்வாரஸ்யமான விஷயமாகத் தோன்றுகிறது. தமிழில் இவற்றில் பெரும்பங்கு மறதிக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கஞ்சனுக்கோ கோபக்காரனுக்கோ புறம் பேசுகிறவனுக்கோ நாம் வைத்திருக்கும் சொற்களில் பிரியம் கிடையாது. முகத்துக்கு நேரே சொன்னால் உறவு முறிந்துவிடும். ஆனால் குடையை விட்டுவிட்டு வந்தவனை, சொன்ன நாளுக்கு மறுநாள் வந்து நிற்பவனை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவனை நாம் அழைக்கிற சொற்கள் முகத்துக்கு நேரே சொல்வதற்கென்றே உண்டானவை. முதுகுக்குப் பின்னால் சொன்னால்தான் அவை வசையாகின்றன.

இவற்றுள்ளும் தரம் உண்டு. மக்கு பள்ளிக்கூடத்துச் சொல். பையன் வளர்ந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பின்னும் அதில் பிரம்பின் வாடை போவதில்லை. மண்டு வீட்டுச் சொல். பெரும்பாலும் குழந்தைகளுக்கு, அதுவும் தலையில் லேசாகக் குட்டியபடி. அசடு இன்னும் மென்மையானது. அதைச் சொல்லும்போது சொல்கிறவரின் குரல் தானாகவே இறங்கிவிடும். இயந்திரங்கள் வந்த பிறகு வந்த சொற்கள் வேறு ஜாதி. மரை கழன்றவன் என்றார்கள்; லூசு என்பதும் அதே மரையிலிருந்து கழன்று விழுந்ததுதான். டியூப்லைட் என்றார்கள். சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த குழல்விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் எரியாது. இரண்டு மூன்று தரம் கண்சிமிட்டி, யோசித்து, பிறகுதான் எரியும். இன்று தொட்டவுடன் எரிகிற எல்இடி விளக்குகள் வந்து அந்தக் கண்சிமிட்டல் அருகிவிட்டது. சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று இவை எல்லாவற்றையும்விட எனக்கு உசத்தியாகப் படுகிறது: அரணை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களில் மறதிக்காரனை ‘சரியான அரணை’ என்பார்கள். ‘அரணை புத்தி’ என்பார்கள். மலையாளத்திலும் அந்தப் பிராணிக்கு அநேகமாக இதே பெயர், இதே பழி. எண்ணெய் தடவியது போன்ற பளபளத்த உடம்பு. பல்லியைவிடத் தடிமன். கால்கள் இருந்தும் இல்லாததுபோல ஊர்ந்து சருகுக்குள் மறைந்துவிடும். அது கடித்தால் மரணம் என்று ஒரு நம்பிக்கை. நக்கினாலே மரணம் என்றும் சொல்வார்கள். அப்படியானால் அது திரிகிற தோட்டங்களிலும் புழக்கடைகளிலும் மனிதர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஜனங்கள் கண்டுபிடித்த பதில் அபாரமானது. அரணை கடிக்கத்தான் ஓடிவரும். வருகிற வழியில் எதற்காக வந்தோம் என்பதை மறந்துவிடும்.

உயிரியல்படி அரணைக்கு விஷம் கிடையாது. ஆகவே மறப்பதற்கும் அதனிடம் ஒன்றுமில்லை. இல்லாத விஷம் ஒன்றைக் கற்பித்து, அந்த விஷம் யாரையும் கொல்லாததற்குக் காரணமாக இல்லாத மறதி ஒன்றைக் கற்பித்து, இரண்டையும் ஒரு ஜந்துவின்மேல் ஏற்றிவைத்த இந்தக் கற்பனையில் ஒரு நல்ல சிறுகதையின் கட்டுமானம் இருக்கிறது. நண்பர்களுக்கிடையில் இந்தச் சொல் ஏன் புண்படுத்துவதில்லை என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. ஒருவனை அரணை என்று சொல்லும்போது, உன்னுடைய மறதியால்தான் நாங்கள் பிழைத்திருக்கிறோம் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வட்டத்தில் அரணை என்பது ஒருவனுடைய பெயர். அவன் கையெழுத்துப் போடுகிற பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலியில் நாங்கள் 5 பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். எந்த ஆண்டின் கால் என்று கேட்கக் கூடாது. அவன் கவிஞன், விமர்சகன். பத்திரிகையைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பும் அவனுடையது. இந்தக் கடைசிப் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தது யார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் ஞாபகமில்லை. தபால் இலாகா 1972இல் பின்கோடு கொண்டுவந்து வருஷங்கள் பல ஆகியும் அவனுக்கு அது ஓர் அரூபமான விஷயமாகவே இருந்தது. 6 இலக்கங்களில் முதலாவது மட்டும் எப்போதும் சரியாக இருக்கும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது பொது என்பதால். மற்ற ஐந்தும் அவனுடைய படைப்பு. சேலத்துச் சந்தாதாரர் ஒருவருக்குப் போக வேண்டிய இதழ் எர்ணாகுளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொருவருக்கு உறை மட்டும் போய்ச் சேர்ந்தது. முகவரி சரி, தபால்தலை சரி, உள்ளே இதழ் இல்லை. அவர் அதற்கும் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியிருந்தார். போன இதழைவிட இது தனக்குப் புரிந்தது என்று.

ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே போகிற ஈரடுக்கு மேம்பாலத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நண்பன் சைக்கிளை அதன் அடியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான். மறுநாள், சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்று நிஜமான துக்கத்தோடு வந்து சொல்வான். பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே, குறளில் 54ஆவது, மறதிக்கு எதிராக எழுதியவரின் பெயர் கொண்ட பாலத்தின் கீழே அந்த சைக்கிள் இரவெல்லாம் நின்றிருக்கும். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த பிறகு பொச்சாப்பு என்ற சொல் எங்களிடையே புழக்கத்துக்கு வந்தது. ‘என்ன வே, இன்னைக்கு எத்தனை பொச்சாப்பு?’ என்று கேட்போம். ‘பத்துக்குள்ளதான் வே, அதிகாரத்தைத் தாண்டலை’ என்பான். நமக்கு ஒருவன் செய்த கெடுதலை அன்றைக்கே மறந்துவிடுவது நல்லது என்று வேறோர் அதிகாரத்தில் வள்ளுவரே சொல்கிறார். அது இவனுக்கு முயற்சி இல்லாமல் கைவந்திருந்தது. எங்கள் ஐவருக்குள் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. கடிதத்தில் கிழித்துக்கொண்டவர்கள், பத்து வருஷம் முகம் பாராதவர்கள் உண்டு. அவனோடு மட்டும் யாரும் சண்டையைத் தொடர முடிந்ததில்லை. மறுநாள் காலையில் அவன் சிரித்துக்கொண்டு டீ குடிக்கக் கூப்பிட வந்துவிடுவான்.

ஒரு கவிதைத் தொகுப்புக்கு 9 பக்கத்தில் மதிப்புரை எழுதினான். உண்மையிலேயே நல்ல மதிப்புரை. படிமங்கள் எங்கே அனுபவத்திலிருந்து எழுகின்றன, எங்கே வெறும் சோடனையாக நின்றுவிடுகின்றன என்று வரி வரியாகப் பார்த்திருந்தான். அச்சுக் கோத்து, புரூப் பார்த்து, டிரெடில் மிஷினில் ஓடி, தைத்து, தபாலிலும் போன பிறகுதான் தெரிந்தது, கவிஞரின் பெயர் அதில் எங்குமே இல்லை என்று. தொகுப்பின் பெயரும் இல்லை. அடுத்த இதழுக்கு வந்த கடிதங்களில் இரண்டு, பிரதியை மட்டுமே முன்னிறுத்தும் இந்தப் புதிய விமர்சன முறையைப் பாராட்டின. ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது 1967இல். தமிழில் அமைப்பியல் பேச்சு சூடு பிடித்தது 80களில். எங்கள் அரணை இரண்டுக்கும் நடுவில் குறுக்கு வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். பார்த் ஆசிரியனைக் கொன்றார், இவன் மறந்துவிட்டான். சம்பந்தப்பட்ட கவிஞர் ஒரு கார்டில் ஒரே வரி எழுதியிருந்தார், கொன்றிருக்கலாம் என்று.

இந்த மாதிரிக் கதைகள் எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன் ஒரு முறை மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் நின்றுகொண்டு, தான் இன்ன ஊரில் இருக்கிறேன், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டு மனைவிக்குத் தந்தி அடித்தாராம். 1936இல், அவர் இறந்த வருஷம் வெளிவந்த சுயசரிதையில் இதைக் குறிப்பிட்டு, இது உண்மையாக நடந்ததா என்பது தனக்கு நினைவில்லை என்கிறார். மறதிக்காரனின் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவது தந்தியின் முகவரியை. அது மனைவிக்குப் போனது. தான் எங்கே இருக்க வேண்டும் என்பது தனக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மறுமுனையில் ஒருவர் விழித்துக்கொண்டிருந்தால்தான் இந்த முனையில் ஒருவர் ரசிக்கும்படியாக மறக்க முடிகிறது.

என் நண்பன் வீட்டில் மறுமுனை மதினி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே பத்திரிகையின் சந்தா விவரம் முழுவதும், எந்த நோட்டிலும் இல்லாமல், மதினியின் மனசில் ஏறிவிட்டது. ‘அண்ணாச்சி, சேலத்துக்காரருக்குப் போன தடவையும் போகலை. இவுக மறந்திருப்பாக, பாத்துக்கிடுங்க’ என்று நான் வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், ரேஷன் கடையில் சீனி போடுகிற நாள், மாமியாரின் மாத்திரை, செத்துப்போன சித்தப்பாவின் திதி எல்லாம் அங்கேதான் இருந்தன. கவிதைகளும் அங்கேதான். நண்பன் கவிதை எழுதுவது கல்யாணக் கடிதாசின் பின்பக்கத்தில், பஸ் டிக்கெட்டில், பிரித்த தபால் உறையின் உட்பக்கத்தில். எழுதிச் சட்டைப் பையில் வைப்பான். சட்டை வெளுக்கப் போய்விடும். மதினி பையைத் துழாவி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். அவனுடைய முதல் தொகுப்பு முழுக்க முழுக்க அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான். முன்னுரையில் 7 பேருக்கு நன்றி சொல்லியிருந்தான். அந்த ஏழில் டப்பா இல்லை.

ஒரு சாயங்காலம் நாங்கள் முன்னறையில் உட்கார்ந்து படிமத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். மதினி பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். பால் பொங்கி வழிந்து, மிச்சம் தீய்ந்து, வீடெல்லாம் வாடை. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது: ‘நெனப்பை எங்க மேய விட்டுட்டு நிக்க?’

வாக்கியம் என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நினைப்பு ஆடாகிவிட்டது, மேய்ச்சல் நிலம் வந்துவிட்டது, கயிற்றை விட்டுவிட்டு நிற்கிற ஆளும் வந்துவிட்டாள். நாங்கள் அறையில் வரையறுக்க முயன்றுகொண்டிருந்த படிமம் அடுக்களையில் முழுசாக நின்றது. ஆனால் அதில் பிரியம் இல்லை. இந்த வித்தியாசம் அந்த மாமியாரின் சுபாவம் சம்பந்தப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. மகன் சைக்கிளைத் தொலைத்தபோதெல்லாம் ‘ஏ அரணைப் பயலே’ என்று சிரித்தவளும் அவள்தான். ஆண் மறந்தால், அந்த நேரத்தில் அவன் ஏதோ பெரிய விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தான் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். பெண் மறந்தால், அந்த இடத்தில் வேறு என்ன இருந்தது என்று விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. அசடு, மண்டு எல்லாம் சின்னப் பெண்ணாக இருக்கும்வரை அவளுக்கும் உண்டு. அடுப்பங்கரையின் பொறுப்பு கைக்கு வந்த பிறகு கிடையாது.

காளிதாசனின் சாகுந்தலத்தை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். துர்வாசர் ஆசிரமத்துக்கு வருகிறார். துஷ்யந்தனையே நினைத்துக்கொண்டிருக்கும் சகுந்தலை அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. நீ யாரை நினைத்திருந்தாயோ அவன் உன்னை மறக்கக் கடவன் என்று சாபம் கிடைக்கிறது. பிறகு துஷ்யந்தன் மறந்துபோகிறான். மோதிரத்தைக் கண்டதும் ஞாபகம் வந்து புலம்புகிறான். மகாபாரதத்தில் உள்ள மூலக்கதையில் இந்தச் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே துஷ்யந்தன் எல்லாம் ஞாபகம் இருந்தும் சபையில் அவளைத் தெரியாது என்கிறான். அசரீரி எழுந்து சொன்ன பிறகே ஏற்றுக்கொள்கிறான். காளிதாசன் அந்தப் பொய்யை எடுத்துவிட்டு அங்கே மறதியை வைத்தான். ஒரு நல்ல சிநேகிதன் செய்கிற காரியம் இது. ஆனால் நாடகத்தில் இரண்டு மறதிகள் இருக்கின்றன என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவளுடையது குற்றம். அவனுடையது அவனுக்கு நேர்ந்த விபத்து. இரண்டுக்கும் தண்டனை அனுபவிக்கிறவள் ஒருத்திதான்.

நம் பாட்டிமார் சொல்கிற அத்திரிபாச்சா கதை இதையே இன்னும் ஸ்தூலமாகச் சொல்கிறது. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று வழிநெடுக கொழுக்கட்டை, கொழுக்கட்டை என்று ஜபித்துக்கொண்டு வருகிறான். நடுவில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது அத்திரிபாச்சா என்று குதிக்கிறான். அதன் பிறகு வாயில் அதுதான் நிற்கிறது. வீட்டில் அத்திரிபாச்சா கேட்கிறான். அப்படி ஒரு பலகாரம் தனக்குத் தெரியாது என்கிற பெண்டாட்டியை அடிக்கிறான். அடிபட்ட இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று யாரோ சொல்ல, அதேதான், அதேதான் என்று குதிக்கிறான். குழந்தைகள் இந்த இடத்தில் சிரிக்கும். நானும் சிரித்து வளர்ந்தவன்தான். கதையைச் சொன்ன பாட்டிகள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவன் வாய்க்காலில் தொலைத்த சொல் இன்னொருத்தியின் முதுகில் கிடைக்கிறது என்ற விஷயத்தைச் சிரிப்பில் பொதிந்து தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

சில வருஷங்களுக்கு முன் மதினிக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. பிறகு ரேஷன் கார்டு அரிசிப் பானைக்குள்ளிருந்து கிடைத்தது. ஒருநாள், கடைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் சுலோச்சன முதலியார் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஆற்றையும் பாலத்தையும் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவருகிறவர். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் அழைத்துவந்து விட்டார். பரிசோதனைகள் நடந்தன. அல்ஸைமர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனை ஒன்றுக்கு அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர் அவளைக் கேள்விகள் கேட்டுப் பதில்களைக் குறித்துக்கொண்டார். பெயரை எழுதச் சொன்னபோது அவளால் அதை முழுதாக எழுத முடியவில்லை. 1906இல் அவள் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, தான் கண்டதை அதே வருஷம் ட்யூபிங்கன் நகரில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் சொன்னார். 1910இல் எமில் கிரேப்லின் தன்னுடைய பாடப்புத்தகத்தில் நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். தன் பெயரை எழுத முடியாமல் போனவளுடைய நோய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரின் பெயர் நின்றுவிட்டது. மருத்துவத்தில் இது வழக்கம்தான். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை வரவில்லை என்பதால், பெயர் ஒன்றுதான் வீட்டுக்குக் கொண்டுவரும்படியாகக் கிடைக்கிறது.

வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ‘பாவம்’ என்கிறார்கள். மதினி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ‘ராத்திரி தூங்குதாங்களா?’ என்று நண்பனிடம் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் வயதாகி நினைவு தடுமாறுகிறவரை அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். கேலியாகவும் வருத்தமாகவும் இரண்டு தொனியிலும் அதைச் சொல்ல முடியும். பாவம் என்ற சொல்லுக்கு ஒரே தொனிதான். அதைச் சொன்ன பிறகு எதிரில் இருப்பவரிடமிருந்து பதில் வர வேண்டியதில்லை. கேலிச் சொல் அப்படியில்லை. பதிலுக்கு ஒன்று வரும் என்று எதிர்பார்த்துத்தான் ஒருவரைக் கேலி செய்கிறோம். மறதிக்காரர்களைக் கூப்பிடும் சொற்களில் உள்ள பிரியம் இந்த எதிர்பார்ப்புதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது நண்பனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காலை 8 மணி மாத்திரை, இரவு 8 மணி மாத்திரை. காஸ் சிலிண்டரின் வால்வை மூடுவது. வாசல் கதவின் மேல்தாழ்ப்பாள். மதினிக்கு எந்தச் சேலையின் கரை பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும். பாலைக் காய்ச்சும்போது அடுப்பைவிட்டு நகர்வதில்லை. கூப்பிட்டால்கூட ‘பால் இருக்கு வே, பொறு’ என்கிறான். சந்தாதாரர் முகவரி ஒன்றைச் சரியாக எழுதத் தெரியாதவன் இரண்டு பேருடைய ஒரு நாளை நிமிஷம் பிசகாமல் நடத்துகிறான். எங்கள் ஐவரில் ஒருவர், ‘அப்போ இத்தனை வருஷமும் நடிச்சிருக்கான்’ என்றார். கேட்கக் கூசினாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

நடிப்பு என்று நான் எண்ணவில்லை. அவனுடைய மறதியும் மதினியின் மறதியும் ஒரே சொல்லுக்குள் வந்தாலும் ஒரே விஷயம் இல்லை. கவனம் வேறெங்கோ இருப்பவனுக்கு சைக்கிளை எங்கே நிறுத்தினோம் என்பது உள்ளே போவதே இல்லை. உள்ளே போகாததை எடுக்க முடியாது. மதினிக்கு விஷயம் கவனத்தில் படுகிறது, ஆனால் தங்குவதில்லை. ஒன்று கதவைத் திறக்காத வீடு, இன்னொன்று கூரை போன வீடு. அவன் அத்தனை வருஷமும் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து கவிதை எழுத முடிந்ததற்குக் காரணம், வெளியே யார் வந்தாலும் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான். இப்போது தானே எழுந்து வந்து திறக்கிறான். இதைத் தியாகம் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். மதினி செய்தபோது யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறான். அதற்கு அவனுடைய கவித்துவம் முழுவதும் தேவைப்பட்டிருக்க வேண்டும். போன மார்கழியில் நான் போயிருந்தபோது மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கூட இருந்த உறவுக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நண்பன், ‘ஏளா அரணை, மூக்கைத் தொட்டுப் பாரு’ என்றான். மதினி தொட்டுப் பார்த்துவிட்டு அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பழைய ஞாபகங்கள் கடைசியாகத்தான் போகும் என்பார்கள்.

‘நீங்கள்லா அரணை?’

‘பட்டத்தை ஒனக்குக் குடுத்தாச்சு.’

‘எப்பம்?’

‘நேத்தே குடுத்துட்டேன். அதையும் மறந்துட்டியா?’

மதினி சிரித்தார். அது ஒரு நோயாளியின் சிரிப்பாக இல்லை. மாட்டிக்கொண்ட ஆளின் சிரிப்பு. நாங்கள் சைக்கிளைப் பற்றிக் கேட்கும்போது அவன் சிரித்த அதே சிரிப்பு. மறுநாளும் இதே உரையாடல் நடந்திருக்கும். பட்டம் தனக்கு வந்ததை மதினி மறுபடியும் புதிதாகத் தெரிந்துகொண்டிருப்பார். டாக்டர் கொடுத்த சொல்லையும் சொந்தக்காரர்கள் கொடுத்த சொல்லையும் அவன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். மொழி அவளுக்குத் தராமல் வைத்திருந்த சொல் ஒன்று அவனிடம் 40 வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

இந்த இதழுக்கு அவனிடம் ஒரு கவிதை கேட்டு எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. மறக்கவில்லை, எழுத நேரமில்லை என்று இரண்டே வரி. கவிதை தராததற்கு இதுவரை எத்தனையோ காரணங்கள் சொல்லியிருக்கிறான், பேனா தொலைந்தது முதற்கொண்டு. அவற்றில் எதையும் நான் நம்பியதில்லை. இதை நம்புகிறேன். கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்கோடு சரியாக இருந்தது.